பழைய பென்டியம் கணினியில் 64 எம்பிக்கு மேல் நினைவகம் சேர்க்கும் முன்

நினைவகத்தைக் கூட்டியதும் கணினி வேகம் பெறாமல் மந்தமானால், புதிய நினைவகத் தகடுகளைக் குறை சொல்லும் முன் தாய்ப்பலகையின் சிப்செட்டை, அதாவது செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் சில்லுத் தொகுதியைப் பாருங்கள். பலகையிலுள்ள பெரிய சதுரச் சில்லில் 82439டிஎக்ஸ் (82439TX) என்று அச்சிடப்பட்டிருந்தால், அது இன்டெலின் 430டிஎக்ஸ். அதன் இரண்டாம் நிலை கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்கு விரைவாகத் தரும் சிறு அதிவேக நினைவகம், முதல் 64 எம்பி நினைவகத்தை மட்டுமே கவனிக்கும். 430எஃப்எக்ஸ், 430விஎக்ஸ் ஆகியவற்றுக்கும் இதே வரம்புதான். விண்டோஸ் 95, 98 ஆகியவை நினைவகத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒதுக்குவதால், அடிக்கடி தேவைப்படும் நிரல்கள் கேஷ் எட்டாத பகுதியில்தான் முதலில் போய் அமர்கின்றன, வினை அங்கேதான்.

430எச்எக்ஸ் பலகையானால், டேக் ரேம் சில்லுக்கான (கேஷில் எந்தெந்தப் பகுதி இருக்கிறது என்று குறித்துவைக்கும் சில்லு) காலி இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை நிரப்பினால் வரம்பு 512 எம்பி வரை உயரும். மற்றவற்றில், உங்கள் வேலை 64 எம்பிக்குள் அடங்குமானால் கூடுதல் தகட்டைக் கழற்றிவிடுவதே நல்லது. அடங்காமல் வன்தட்டு ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்: கேஷ் இல்லாத நினைவகம்கூட வன்தட்டைவிடப் பன்மடங்கு வேகமானது. பலகையின் மின்னழுத்த அமைப்பும் பயாஸும் (பலகையிலேயே பதிந்துள்ள தொடக்க நிரல்) இடம்கொடுத்தால், சிப்செட்டின் வரம்புக்குக் கட்டுப்படாத இரண்டாம் நிலை கேஷைத் தன்னுள்ளேயே கொண்ட ஏஎம்டி கே6-3 செயலியைப் பொருத்துவது, என் கணிப்பில், இன்னும் நேர்த்தியான வழி.