புகை போகும் வழி: கணப்பும் சிம்னியும், பாகம் பாகமாக

சிம்னி சுத்தம் செய்ய வருபவர் டார்ச்சை மேலே அடித்துப் பார்த்துவிட்டு, “டாம்பர் இறுகிப்போச்சு, ஃப்ளாஷிங் மாத்தணும், லைனர் போடணும்” என்பார். மூன்றும் மூன்று இடம், மூன்று விலை. எது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தெரிந்தால், எந்த வேலை அவசரம், எது அடுத்த வருஷம் வரை தாங்கும் என்று நீங்களே முடிவு செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் இதற்கெல்லாம் அவசியமில்லை. லெனேசியா, லாடியம் போன்ற மேட்டுநிலத்து ஊர்களில் ஜூன் மாதக் குளிர்காலம் பிறந்தால் கணப்பு இல்லாமல் ஆகாது.

கீழிருந்து புகையோடு சேர்ந்தே மேலே போவோம்.

விறகு எரியும் தளம் ஹார்த். அது அறைக்குள்ளும் 400 முதல் 500 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்க வேண்டும். தெறிக்கும் பொறி கம்பளத்தில் விழாமல் இருக்கத்தான். தளத்துக்கு மேல் தீச்செங்கல் பதித்த குழி ஃபயர்பாக்ஸ். அதன் இணைப்புகளில் சாதாரண சிமெண்ட் பூசினால் இரண்டு குளிர்காலத்துக்குள் வெடித்து உதிரும். தீச்செங்கலுக்கு உரிய தீக்களிமண் கலவைதான் அங்கே நிற்கும்.

குழிக்கு மேலே வழி குறுகும் இடம் தொண்டை. அங்கே உட்கார்ந்திருக்கும் இரும்புத் தகடுதான் டாம்பர். பற்றவைக்கும் முன் திறக்க வேண்டும், சாம்பல் முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது “சூடு வீணாகுதே” என்று மூடிவிட்டுப் படுத்தால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் நிறையும். படுக்கையறைப் பக்கம் ஓர் அலாரம் மாட்டிவிடுங்கள். தொண்டைக்குப் பின்னால் உள்ள தட்டையான படி புகைத்தட்டு. மேலிருந்து இறங்கும் குளிர்காற்று அதில் மோதித் திரும்பும். நூலாம்படை, பறவைக் குச்சி, உதிர்ந்த கரி எல்லாம் அங்கேதான் சேரும். சுத்தம் செய்பவர் அங்கே கைவிடாமல் போனால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அதற்கும் மேலே நீள்வது ஃப்ளூ. உட்புறம் பதித்த களிமண் குழாயோ ஸ்டீல் குழாயோ லைனர். ஃப்ளூவின் குறுக்குப் பரப்பு, கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வாய் 900க்கு 700 மில்லிமீட்டர் என்றால் ஃப்ளூ 251க்கு 251 வேண்டும். வட்டக் குழாயில் காற்று வழுக்கிப் போகும் என்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். இதே வாய்க்கு 260 விட்டம். ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் புகையின் இழுவையும் குறைவு. கடலோர ஊருக்குப் போட்ட அளவை இங்கே அப்படியே வைத்துக் கட்டினால் புகை அறைக்குள் கக்கும்.

அறைக்குள் புகை வந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டாம். முதலில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலை 25 மில்லிமீட்டர் திறந்து பாருங்கள். புகை நின்றால், வீடு இறுக்கமாக மூடியிருக்கிறது, நெருப்புக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான். நிற்கவில்லையா? அடுத்த முறை பற்றவைக்கும் முன், சுருட்டிய செய்தித்தாளைக் கொளுத்தித் தொண்டையருகே ஒரு நிமிஷம் பிடியுங்கள். அதில் சரியானால் ஃப்ளூ குளிர்ந்து கிடந்திருக்கிறது. வெளிச்சுவரில் கட்டிய சிம்னிகளுக்கு இது வழக்கம். அப்படியும் வாயின் மேல்விளிம்பிலிருந்து மட்டும் புகை வழிந்தால், வாய் பெரிதாகிவிட்டது. ஒரு தகரத் துண்டை வாயின் மேல்பகுதியில் குறுக்காகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள் (தடித்த கையுறை அவசியம்). புகை நிற்கும் இடத்தில் தகரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால், பொருத்த வேண்டிய முகப்புத் தகட்டின் ஆழம் அதுதான். சில நூறு ரேண்டில் முடியும் இந்த வேலைக்குச் சிம்னியையே இடித்துக் கட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கிரியோசோட் என்ற சொல்லை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஃப்ளூவின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிரும்போது புகையிலுள்ள தார் அதில் படியும், அதுதான் கிரியோசோட். ஈர விறகும், காற்றை அடைத்து இரவு முழுக்கப் புகைய விடுவதும்தான் காரணம். நெருப்பில்லாத நாளில் தொண்டைக்கு மேல் ஒரு திருப்புளியால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பிரஷ் போதும். 3 மில்லிமீட்டர் கனம் வந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்யாமல் நெருப்பு மூட்டக் கூடாது. கண்ணாடிபோல் பளபளத்துச் சுரண்ட வராமல் இருந்தால் பிரஷ் அசைக்காது, அதற்கென்ற கருவியோடு ஆள் வர வேண்டும். அது தீப்பிடித்தால் சிம்னிக்குள் ரயில் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். காற்று வரும் வழிகளை அடைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி 10177ஐ, கைபேசி என்றால் 112ஐ, அழையுங்கள்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கறுப்பு வாட்டில், ரூய்க்ரான்ஸ் இரண்டும் நன்றாக எரியும். இந்நாட்டில் களையாகப் பரவிய மரங்கள் என்பதால் வெட்டி எரித்தால் புண்ணியம்தான். தம்போட்டி மரம் மட்டும் வேண்டாம், அதன் புகை நஞ்சு. பச்சைச் சாயல் அடிக்கும் பதப்படுத்திய கம்பத்தில் ஆர்செனிக் இருக்கும், அதையும் தொடாதீர்கள்.

கூரைக்கு வெளியே மூன்று பாகம். கூரையும் சிம்னியும் சேரும் இடத்துத் தகடு ஃப்ளாஷிங். ஜனவரி மழையில் சிம்னிச் சுவரில் பழுப்புக் கறை கண்டால் முதலில் பார்க்க வேண்டியது அதை. உச்சியில் சரிவாகப் பூசிய சிமெண்ட் மூடி கிரவுன். அதற்கு மேலே மழையையும் பறவையையும் தடுக்கும் தொப்பி கவுல். ஆலங்கட்டி மழை நசுக்கிய கவுலோடு பல வருஷம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பழைய வீடுகளில் ஃப்ளூ குழாய் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் கழற்ற வேண்டும்.

சுத்தம் செய்ய நல்ல மாதம் செப்டம்பர். கரியை அப்படியே விட்டால் கோடை மழையில் ஊறி அமிலமாகி லைனரை அரிக்கும், வீடும் நாறும். முடிந்ததும் டாம்பரை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தேனீக்கள் குடிவரும். வந்துவிட்டால் புகைபோட்டு விரட்டப் பார்க்காதீர்கள்: மெழுகு உருகித் தீப்பிடிக்கும். தேனீ வளர்ப்பவரை அழைத்து, கூட்டோடு அடையையும் எடுக்கச் சொல்லுங்கள். அடை மிஞ்சினால் அடுத்த கூட்டம் அதே இடத்துக்கு வரும்.