பெரியவர்களுக்குப் பரிசு: 30 வெள்ளிக்குள் ஒரு வானொலி, கொஞ்சம் நகச்சாயம்

சென்ற தீபாவளிக்குப் பெரியம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கால் பிடித்துவிடும் இயந்திரம், பெட்டி பிரிக்கப்படாமல் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் இருக்கும் அவருடைய வீட்டு அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. விலை 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்த ஆண்டு அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு 30 வெள்ளிகூட ஆகவில்லை. அது காலை முதல் இரவு வரை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இடையில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

படி 1: போய்ப் பாருங்கள், கேட்காதீர்கள்

"என்ன வேண்டும்?" என்று கேட்டால், "எனக்கு எதற்கம்மா, இருப்பதே போதும்" என்றுதான் பதில் வரும். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், தேநீர் குடித்தபடியே வீட்டை நோட்டம் விடுங்கள். எதில் ரப்பர் வளையம் சுற்றியிருக்கிறது? எதில் ஊக்கு குத்தியிருக்கிறது? பெரியம்மா வீட்டில் மூன்று பொருள்கள் கண்ணில் பட்டன: வார் அறுந்த குளியலறைச் செருப்பு, பிடி உடைந்த தேநீர் வடிகட்டி, பேட்டரி மூடி தொலைந்துபோன பழைய வானொலி. வடிகட்டிக்குப் பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டுமா என்ன? மறுவாரமே வாங்கிப் போனேன்.

படி 2: சத்துப் பானங்களை விட்டுவிடுங்கள்

ஜின்செங் வேர்ச் சாறு, பறவைக்கூட்டுப் பானம், சிக்கன் எசன்ஸ் எல்லாம் பார்க்கப் பகட்டாக இருக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடக்கூடும். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்புப் பானமும் வேண்டாம். பெரியம்மா சுத்த சைவம். அவருக்கு வந்து சேர்ந்த சிக்கன் எசன்ஸ் பாட்டில்கள் எத்தனையோ!

படி 3: வாங்குவது

முஸ்தபா பேரங்காடிக்குப் போங்கள், இரவு வெகுநேரம் திறந்திருக்கும், ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். நிலையம் பிடிக்கத் திருகி (குமிழ்) உள்ள பழைய பாணி வானொலிதான் என் கட்சி. எண்கள் மின்னும் பொத்தான் வகையைத் தொடாதீர்கள். காரணம் அடுத்த படியில். மின்கம்பியோடு வந்தால் அதன் முனையையும் பாருங்கள்; நம் வீட்டுச் சுவர்களில் இருப்பது மூன்று முனைத் துளை. இரண்டு முனையோடு வந்த ஒன்றைப் பெரியவர்கள் துளைக்குள் குச்சி விட்டுச் செருகுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

படி 4: பெட்டியோடு கொடுக்காதீர்கள்

நான் சறுக்கி விழுந்த இடம் இது. முதலில் நான் வாங்கியது பொத்தான் வகைதான். ஒலி 96.8 தமிழ் வானொலி நிலையத்தைப் பதிந்துவைத்து, பெட்டியோடு கொடுத்து, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனால் வீடு நிசப்தமாக இருந்தது. பெரியம்மா ஏதோ பொத்தானை அழுத்தியிருக்கிறார், தமிழ்ப் பாட்டு போய்ச் சீனப் பேச்சு வந்துவிட்டது. தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, எனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவேன் என்று துணி மடிப்புக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

இரண்டாம் முறை திருகி வகையை எடுத்துப்போய், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிப் பக்கத்திலேயே வைத்து அலைவரிசை பிடித்தேன். கடையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஜன்னலோரம் தெளிவாகக் கேட்பது உள்ளறையில் இரையும். மலிவு வானொலிகளில் அச்சிட்ட எண்ணும் சற்று முன்பின் இருக்கும். எண்ணை விட்டுவிட்டு, பாட்டு தெளியும் இடத்தில் முள்ளுக்கு நேராக மகளின் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டேன். பேட்டரியைப் போட்டு, ஏஎம் எஃப்எம் மாற்றும் விசையை ஒட்டுநாடாவால் மூடி, பெட்டியையும் ரசீதையும் நானே எடுத்து வந்தேன். அவர் கைக்குப் போகும்போது அது பாடிக்கொண்டிருந்தது.

பின்சேர்க்கை: தன் அப்பாவுக்குக் கண்புரை, கோடே தெரியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் அப்பா கேட்பது ஒரே நிலையம்தான். அப்படியானால் அலைவரிசைத் திருகியையே ஒட்டுநாடாவால் அசையாமல் கட்டிவிடுங்கள்; ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி மட்டும் திரும்பினால் போதும்.

படி 5: செருப்பு

பழைய செருப்பின் அளவை நம்பாதீர்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், செய்தித்தாள் மேல் நிற்கச் சொல்லிப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். அடிப்பாகம் வழுக்காததாக, குதிகாலில் பட்டி வைத்ததாக இருக்கட்டும்.

பணமாகவே கொடுத்தால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தீபாவளிக்கு நான் பச்சை உறையில் வைத்துக் கொடுத்த 51 வெள்ளி, அன்று மாலையே என் மகளின் கைப்பைக்குள் இருந்தது.

கால் பிடித்துவிடும் இயந்திரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று போன வாரம் பெரியம்மாவிடம் கேட்டேன். "நீ வாங்கித் தந்ததாயிற்றே, இருக்கட்டும்" என்றார்.