மனௌஸை நடந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலில், அமேசான் காட்டின் நடுவே, ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் இருக்கிறது மனௌஸ். ஊரிலிருந்து யாராவது வந்தால் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு பெரும்பாலும் எனக்குத்தான் வரும். கைப்பேசி பத்திரம், தண்ணீர் பாட்டில் அவசியம் என்பதெல்லாம் வருபவர்களுக்கே தெரியும். தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஆற்றின் மட்டத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பது

காசு போவது இங்கேதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்து வருபவரும் இதையே செய்வதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எல்லோரும் மழையைப் பார்த்து டிக்கெட் போடுகிறார்கள். டிசம்பரிலிருந்து மே வரை நல்ல மழை, அதைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நெக்ரோ இங்கே உச்சத்துக்கு ஏறுவது ஊரில் மழை ஓய்ந்த பிறகு, ஜூன் வாக்கில். ஆந்தீஸ் மலைப் பக்கமிருந்து வரும் சொலிமொயிஸ் ஆறு நகரத்துக்குச் சற்றுக் கீழே நெக்ரோவோடு கலக்கிறது. அது நிறைந்து வரும் மாதங்களில் நெக்ரோவின் தண்ணீர் வடிய வழியில்லாமல் பின்வாங்கித் தேங்கி உயர்கிறது. அதன்பின் மெல்ல இறங்கி அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்தைத் தொடுகிறது. சாதாரண ஆண்டிலேயே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 10 மீட்டர் வித்தியாசம், அதாவது மூன்று மாடி உயரம். 2021 ஜூனில் துறைமுகத்தின் அளவுகோல் 30.02 மீட்டரைத் தொட்டது. 2024 அக்டோபரில் 12.11 மீட்டருக்கு இறங்கியது. 1902 முதல் வைத்திருக்கும் கணக்கில் அவ்வளவு உயரமும் அவ்வளவு தாழ்வும் அதுவரை பதிவானதில்லை.

ஆகவே நீங்கள் வரும் மாதத்தைப் பொறுத்து ஊரே மாறிவிடும். 2021இல் சந்தையை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் நின்றது, மரப்பலகைப் பாலங்கள் போட்டு அதன்மேல் நடந்தார்கள். 2023 வறட்சியில் ஆறு ஒதுங்கியபோது, நீர் கலக்கும் இடத்துக்கு அருகே லாஜெஸ் பாறைகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை எனக் கருதப்படும் மனித முகச் செதுக்கல்கள் வெளியே தெரிந்தன. அதே ஆண்டு பொன்டா நெக்ரா கடற்கரையில் (ஆற்று மணல்தான், இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) குளிக்கத் தடை போட்டார்கள். வெள்ளக் காலத்திலோ அந்த மணலைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

ஓர் அக்டோபரில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூழ்கிய காட்டுக்குள் கிளைகளுக்கு நடுவே சிறு படகில் போகலாம் என்று படம் காட்டி, ஒரு முகவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். படம் பொய்யில்லை, வெள்ளக் காலத்தில் எடுத்தது. படகுத்துறையில் படிக்கட்டு முடிந்த இடத்திலிருந்து மண்சரிவில் நெடுந்தூரம் இறங்க வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு வந்திருந்த பெரியவர் பாதியில் நின்று, "தம்பி, ஆறு எங்கப்பா?" என்று கேட்டார். காட்டுப் பக்கம் போனால் படகு நுழைய வேண்டிய வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பணம் திரும்பி வரவில்லை. அந்த மாதத்தில் அந்தப் பயணத்தை விற்றதே தவறு. வாங்கியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் தப்பித்திருப்பார்கள்.

மூழ்கிய காடு வேண்டுமென்றால் மே முதல் ஜூலை வரை வாருங்கள். மணல் வேண்டுமென்றால் செப்டம்பர். ஒரே பயணத்தில் வெயிலும் வேண்டும், படகும் ஓட வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் பாதிதான் என் தேர்வு. துறைமுகம் ஆற்றின் மட்டத்தைத் தினமும் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நாங்கள் வரும் வாரம் அங்கே தண்ணீர் இருக்குமா?" என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

கரையை ஒட்டியே நடந்துவிடலாம் என்று நினைப்பது

முடியாது. துறைமுக வளாகம் குறுக்கே நிற்கிறது. அமேசோனாஸ் அரங்கத்தில் (பழைய ஓபரா அரங்கம்) தொடங்கி எடுவார்டோ ரிபெய்ரோ சாலை வழியாக இறங்குங்கள். ஒரு காலத்தில் ஓடை ஓடிய பள்ளத்தைத் தூர்த்து அமைத்த சாலை அது. பழைய மணிக்கூண்டு, பேராலயம், சுங்கக் கட்டடம் எல்லாம் வழியிலேயே வரும். ஆற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதக்கும் துறையைப் பார்த்துவிட்டு, 1883இல் திறந்த இரும்புச் சந்தைக்குப் போங்கள். காலையிலேயே போனால் பிரருக்கு, தம்பாக்கி மீன்களை வெட்டி விற்பதைப் பார்க்கலாம்.

அரங்கத்தோடு திருப்திப்பட்டுக் கிளம்புவது

1896 கடைசி நாளில் திறந்த அந்த அரங்கம் ரப்பர் பணத்தில் எழுந்தது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் கன்றுகளாகப் போயின. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்த ரப்பர் சந்தைக்கு வந்ததும் மனௌஸின் செல்வம் வற்றிப்போனது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். வெளியே வந்ததும் துறைமுகம் வரை நடங்கள், ரப்பர் கப்பலேறிய இடம் அதுதான்.

நண்பகல் நடை

பதினொன்று முதல் மூன்று வரை வேண்டாம்.

ஞாயிறு மாலையில் துறைமுகப் பக்கம் போவது

கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது. ஞாயிறு காலையில் எடுவார்டோ ரிபெய்ரோ சாலையில் சந்தை கூடும், அப்போது போங்கள்.

"ஆற்றங்கரை அறை" என்றதும் பொன்டா நெக்ராவில் பதிவு செய்வது

அது பழைய நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல். நடக்க வருபவர்கள் அரங்கத்தின் எதிரே இருக்கும் சாவ் செபாஸ்தியாவ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். பொன்டா நெக்ராவுக்கு ஒரு மாலை பேருந்தில் போய்வந்தால் போதும்.