ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை: காலாண்டுத் தேர்வு வரை வீட்டில் செய்ய வேண்டியவை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, பக்கத்து ஊரில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பாடநூலைவிடப் பள்ளி நாளே முதலில் மாறிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் பெரும்பாலான பாடங்களை நடத்தியதால், பிள்ளை சாப்பிட்டதா, உடம்பு சரியில்லையா, எந்த வாய்ப்பாட்டில் தடுமாறுகிறது என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். இனிப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார்; அவர் ஒரே நாளில் பல வகுப்புகளுக்குச் சென்று வருபவர். பிள்ளையை முழுமையாக அறிந்த ஒரு பெரியவர் பள்ளியில் இல்லாமல் போவதுதான், பாடச் சுமையைவிட, ஆறாம் வகுப்பின் பெரிய சிக்கல் என்று நான் கருதுகிறேன். காலாண்டுத் தேர்வு முடியும் வரையிலாவது அந்தப் பொறுப்பை வீடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் பேருந்தைப் பிடிக்க முன்னதாகவே கிளம்பி வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்கார நேரிடலாம். வீட்டில் இருவரும் அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்புபவர்கள் என்றால், முந்தின இரவே ஏற்பாடு செய்துவிடுங்கள். பழைய சோறும் வேகவைத்த முட்டையும் இருந்தாலே போதும். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால், டிபன் பாக்ஸ் கொண்டுவரும் நண்பர்களுக்கு முன்னால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு என்பதால், ‘சாப்பிட்டாயா’ என்று மட்டும் கேட்காமல் ‘யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில் நட்பு வட்டம் எப்படி அமைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பேருந்தில் போகும் பிள்ளையோடு பள்ளி திறப்பதற்கு முன்பே ஒருமுறை பயணம் செய்து, எந்த நிறுத்தத்தில் ஏற வேண்டும், அந்தப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எது, எந்தக் கடையில் நின்று வீட்டுக்குத் தகவல் சொல்லலாம் என்பதைக் காட்டிவிடுங்கள். படிக்கட்டில் தொங்கக் கூடாது என்பதைக் கெஞ்சலாக அல்லாமல் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்.

பாடவேளை அட்டவணையை இரண்டு படி எழுதச் செய்து, ஒன்றை வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பையை இரவில் பிள்ளையே அடுக்கட்டும். நீங்கள் அருகில் இருந்தால் போதும். அடுக்கும்போது ஒவ்வொரு பாட நோட்டின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பாதியில் நின்றுபோன வாக்கியம், தேதி மட்டும் போட்ட வெற்றுப் பக்கம் ஆகியவை, கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதும் வேகம் பிள்ளைக்கு இன்னும் கைவரவில்லை என்பதையோ கண்பார்வையைச் சோதிக்க வேண்டும் என்பதையோ காட்டலாம். இதைச் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள்.

பாடங்களில் அதிகக் கவனம் தேவைப்படுவது கணக்குதான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் பலர். தவறு என்று சொல்லி அழிக்கச் செய்வதால் பயன் இல்லை. ஒரு தாளில் ஆறு சமமான கட்டங்களை வரைந்து, அரைக்கு மூன்று கட்டங்களையும் மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டங்களையும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஆறில் ஐந்து என்பது கண்முன்னே நிற்கும். பிறகு, ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடவே குறைவாயிற்றே, கூட்டிய பிறகு எப்படிக் குறையும் என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். இந்த இடத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பெருக்கல் வாய்ப்பாடும் உறுதியாக இருக்காது. ஆகவே, தினமும் பத்து நிமிடமாவது வாய்ப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியையும் தினமும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையால் அறிவியலையும் சமூக அறிவியலையும் எட்டிப் பிடிக்க இயலாது.

தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லா மாற்றங்களும் ஒன்றாக வரும் ஆண்டில் பாடமொழியையும் மாற்றினால், புரியாததை மனப்பாடம் செய்யும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், அதே அறிவியல் பாடநூலின் தமிழ் வழிப் பதிப்பையும் வாங்கி வைத்து, ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளச் செய்யுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் இரு வழிகளுக்கும் பாடம் ஒன்றே.

பெண் பிள்ளைகளில் பலர் இந்த ஆண்டுகளில்தான் பூப்படைகிறார்கள். அது நேர்வதற்கு முன்பே அம்மாவோ அக்காவோ அத்தையோ ஒளிவுமறைவின்றிப் பேசி, பையில் ஒரு நாப்கினையும் மாற்று உள்ளாடையையும் வைத்து அனுப்ப வேண்டும். பள்ளியில் யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தயங்கி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்று கேளுங்கள். கழிப்பறை சரியில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை எழுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் நடமாடும் வளாகத்தில் சின்னப் பிள்ளைகளை மிரட்டுவது, பேனாவைப் பறிப்பது, பட்டப்பெயர் வைப்பது ஆகியவை நடக்கும். சில ஊர்களில் சாதியைச் சொல்லிச் சீண்டுவதும் நடக்கிறது. அதை விளையாட்டு என்று ஒருபோதும் ஒதுக்கிவிடாதீர்கள். நேராக வகுப்பாசிரியரிடமும், தீராவிட்டால் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஜூலை மாதத்திலேயே ஒருமுறை வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். அன்று மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், பிள்ளை எந்த வரிசையில் உட்காருகிறது, கேள்வி கேட்டால் வாய் திறக்கிறதா, இடைவேளையில் தனியாக நிற்கிறதா என்று கேளுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை வாங்கிப் பாருங்கள். தெரியாமல் விட்ட கேள்விகளையும், தெரிந்திருந்தும் நேரம் போதாமல் விட்டவற்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து தனித்தனியாகக் குறித்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் படிப்புக்கு எவ்வளவு, எழுத்துப் பயிற்சிக்கு எவ்வளவு என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.