நாமளே அறுத்த மரத்துல வெளிய போடுற பெஞ்சு: எங்க தப்பு நடக்குது

கோத்தகிரி பக்கம் தேயிலைக்குள்ள நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் ஒண்ணு காத்துக்கு சாஞ்சா போதும், அன்னைக்கே செயின் சாவைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. அங்கயே முதல் தப்பு. நீலகிரில பட்டா நிலமா இருந்தாலும் மரம் வெட்ட அனுமதி வேணும், 1955ல போட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, விழுந்த மரம்தானேன்னு விடாம வனத்துறைல கேட்டுட்டு ரம்பம் வைங்க.

அடுத்தது எந்த மரம்ங்கிறது. சில்வர் ஓக்கை சரியா அறுத்தா அந்த ரேகையைப் பாத்துட்டே இருக்கலாம், ஆனா அது வீட்டுக்குள்ள போட வேண்டிய மரம். நான் முதல்ல செஞ்ச பெஞ்சு அதுலதான், ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சு காலோட அடியில கட்டைவிரலை வெச்சு அழுத்துனேன், டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி உள்ள போயிடுச்சு. (அறுக்கும்போது முழுக்கை சட்டை போட்டுக்கங்க, சிலருக்கு அதோட தூள் பட்டா தோல் தடிச்சு அரிக்கும்.) வெளிய போடுறதுக்கு சைப்ரஸோட வைரப்பகுதி, அதாவது நடுவுல இருக்கிற கெட்டியான மரம், எவ்வளவோ தேவலாம், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) வைரமும் தரையைத் தொடாம இருந்தா தாங்கும். எந்த மரமானாலும் பட்டையை ஒட்டுன வெள்ளைப் பகுதியை மிச்சம் பிடிக்கிறேன்னு சேத்துக்காதீங்க, உளுக்கிறதும் பூஞ்சை வர்றதும் அங்கிருந்துதான்.

கற்பூர மரம் அறுக்கிறவங்களுக்கு ஒண்ணு, அதுக்குள்ள இறுக்கம் ஜாஸ்தி, ரம்பம் போகப்போக பலகை வில்லு மாதிரி வளையும். ஒரே பக்கமா அறுத்துட்டே போகாம கட்டையைப் புரட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அறுங்க. நட்டநடு குருத்து இருக்கிற பலகை கண்டிப்பா வெடிக்கும், அதை ஒதுக்கிடுங்க.

ஆனா பெஞ்சு கெட்டுப்போறதுல பாதிக்கு மேல காய வைக்கிற இடத்துலதான். பலகை கனத்துல இஞ்சுக்கு ஒரு வருஷம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் மழையும் மிஸ்ட்டுமா இருக்கு, அதனால அதை குறைஞ்சபட்சம்னு வெச்சுக்கங்க. அறுத்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் மிச்சம் கிடக்கிற பெயின்ட்டை கெட்டியா அடிச்சிடணும், முனை வழியாதான் ஈரம் சீக்கிரமா வெளிய ஓடும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா வெடிப்பு உள்ள ஏறிடும். தரையிலிருந்து ஒரு அடி தூக்கி அடுக்குங்க, ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ரெண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்), அந்த ரீப்பரெல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், தள்ளித்தள்ளி வெச்சா பலகை அந்த வளைவுலயே காஞ்சிடும். மேல கல்லு ஏத்தி தகரம் போடுங்க. தார்ப்பாயை சுத்திக் கட்டுறதுதான் நான் அதிகமா பாக்குற தப்பு, மழை உள்ள வராது சரி, உள்ள இருக்கிற ஈரம் எப்படி வெளிய போகும், ஒரே மாசத்துல பூஞ்சைதான்.

காஞ்சிடுச்சான்னு தட்டிப்பாத்து சொல்ல முடியாது. ஒரு துண்டுப் பலகைல நம்பர் போட்டு மாசாமாசம் தராசுல வைங்க, மழையில்லாத மாசத்துலயும் எடை குறையாம நின்னா அப்புறம் இழைப்புளியை எடுங்க. ஒரு அடி அகலத்துல பச்சையா அறுத்த கற்பூரப் பலகை காயுறதுக்குள்ள ஒரு இஞ்சு வரைக்கும் சுருங்கும், பச்சையிலயே துளைக்குள்ள இறக்குன கழுந்து (மூட்டுக்கு செதுக்குற முனை) ஆடாம என்ன செய்யும்?

ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். சாதா இரும்பு போட்டா கற்பூர மரத்துலயும் சீகையிலயும் (வாட்டில் மரம்) இருக்கிற துவர்ப்பு இரும்போட சேந்து தலையைச் சுத்தி கருப்பா இறங்கும், லேசுல போகாது. உக்கார்ற பலகைங்களை நெருக்கிப் போடாம சுண்டுவிரல் நுழையுற இடைவெளி விடுங்க. மேல பளபளன்னு வார்னிஷ் வேணாம், ஒரு இடத்துல உரிஞ்சா தண்ணி அடியில போய் உக்காந்துக்கும், ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவுனாலும் மிஸ்ட்ல கருப்பு பூக்கும். வெளிமரத்துக்குன்னு விக்கிற எண்ணெயை வருஷத்துக்கு ஒருக்கா, மழைக்கு முன்னாடி, காலோட அடிமுனைக்கு ரெண்டு கை கூடுதலா அடிச்சு, மண்ணுல வைக்காம ஒவ்வொரு காலுக்கும் ஒரு தட்டைக்கல்லு குடுங்க.