புல்வெளியில் மரம் நடாதீர்கள்: நீலகிரியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன மாதம் ஒரு இளைஞர் குழு வேன் நிறைய மரக்கன்றுகளோடு வந்து இறங்கியது. "அண்ணா, அந்த மொட்டை மலை முழுக்க நட்டுடலாமா?" என்று கேட்டார்கள். அவர்கள் கைகாட்டியது 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் புல்வெளி. பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன், கேட்டதோடு நிற்காமல் நட்டும் விட்டேன். பையைக் கிழிக்காமல் நடுவது, தண்ணீர் விட மறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

புல்வெளியைக் காலி இடம் என்று நினைப்பது

பாடப்புத்தகத்தில் ஆண்டு மழையையும் சராசரி வெப்பநிலையையும் வைத்து இது காடு, இது புல்வெளி, இது பாலை என்று பிரித்திருப்பார்கள். இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் காடுதானே இருக்க வேண்டும், யாரோ அழித்துவிட்டார்கள் போல என்று நானும் நம்பினேன். ஜூலை மழையில் சரிவு முழுக்க 300 சோலைக் கன்றுகள் (சோலை என்பது இங்கே மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக் காடு) நட்டோம், டிசம்பர் வரை அருமையாக நின்றன. ஜனவரியில் நான்கு இரவுகள் உறைபனி விழுந்தது, அவ்வளவுதான், வெந்நீர் ஊற்றியது போல இலையெல்லாம் கறுத்துச் செத்துப்போயின. சோலையின் ஓரத்தில் மர நிழலில் வைத்த சில கன்றுகள் மட்டும் பிழைத்தன.

சராசரி வெப்பநிலை ஒரு செடியைக் கொல்வதில்லை, வருடத்தின் மோசமான சில இரவுகள்தான் கொல்கின்றன. மேகமில்லாத இரவில் திறந்த தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது, கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. சோலைக்குள்ளே மரக்கூரை கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே கன்று தப்பிக்கும். புல்லின் வளரும் மொட்டு மண்ணை ஒட்டி, காய்ந்த தாள்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. மேலே கருகினாலும் மழை வந்ததும் துளிர்த்துவிடும். வெட்டவெளியில் தனியாக நின்று தாக்குப்பிடிக்கும் மரம் என்றால் ரோடோடென்ட்ரான் மாதிரி ஒன்றிரண்டுதான்.

இங்குள்ள சதுப்பு மண்ணின் கார்பனை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரியவந்தது. வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான், நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தரையில் கூடு கட்டுவதும் இதற்குள்தான், தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதும் இங்கே வளரும் புல்லை வைத்துத்தான். இத்தனையும் இருக்கும் இடத்தை ஆங்கிலேயர் காலத்தில் தரிசு என்று முடிவுகட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து நட ஆரம்பித்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. இன்றைக்கும் நல்ல மனசோடு, சொந்தக் காசு போட்டு, அதே வேலையைச் செய்ய ஆட்கள் வருகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கன்று செத்தால் காசு மட்டும்தான் போகும். உறைபனிக்கும் அசராத வெளிநாட்டு மரம் பிழைத்துக்கொண்டாலோ அந்தப் புல்வெளியே போய்விடும்.

அந்த இளைஞர்களைச் சோலை ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். கொண்டுவந்ததில் எவை இந்த மலைக்கு உரியவை என்று பார்த்துப் பிரித்து, அவற்றை மட்டும் நிழலில் வைத்தோம். மற்றவை வேனிலேயே திரும்பிப் போயின.

சீகையை வெட்டிவிட்டுப் போய்விடுவது

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டதும் கம்பளம் விரித்த மாதிரி முளைத்து வரும். அப்புறம் வருடா வருடம் வந்து பிடுங்க ஆள் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம்.

கடையில் வாங்கிய புல் விதை

சீகையை எடுத்த இடத்தில் புல்லை மீட்க இதைத் தூவக் கூடாது. பக்கத்துச் சரிவிலிருந்து கொஞ்சம் புல் எடுத்து, தூர் பிரித்து, நாற்றங்காலில் பெருக்கி நடுங்கள்.

குறிஞ்சியைக் களை என்று பிடுங்குவது

பூ இல்லாத குறிஞ்சி சாதாரணப் புதர் மாதிரிதான் தெரியும். நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை பூத்து, விதை போட்டுவிட்டுச் சாகும் செடி. 2018-ல் பூத்த சரிவுகளில் இப்போது நிற்பது அந்த விதையில் வந்தது, அது 2030 வரை நிற்க வேண்டும்.