பழைய எம்.ஜி.பி.க்கு பிரேக் பூஸ்டர் பூட்டுவது எப்படி?

மட்டக்களப்புக்குள் கார் ஓட்டினால் பிரேக் பற்றிக் கவலையே வராது. கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் எங்கே இருக்கிறது? ஆனால் கண்டிக்குப் போய்த் திரும்பும்போது மகியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவில் என் வலது கால் நடுங்கியே விட்டது. என்னுடையது எம்.ஜி.பி., 1962இல் அறிமுகமான பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் மிதிக்கு உதவும் பூஸ்டர் கிடையாது. முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம், மிச்சமெல்லாம் ஓட்டுபவரின் கால்பலம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூஸ்டர் பூட்டியதால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. ரயரின் பிடிமானம் அப்படியேதான் இருக்கும். கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் மட்டும் குறையும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஒரு பக்கம், வெளிக்காற்று மறுபக்கம். நடுவில் உள்ள ரப்பர் தகட்டை அந்த வித்தியாசம் தள்ளுகிறது. பூஸ்டரின் வேலை அவ்வளவுதான்.

ஆகவே முதலில் இருக்கிற பிரேக்கைச் சரியாக்குங்கள். பெடல் பஞ்சு போல அமுங்கினால், பிரேக் ஒயில் ஓடும் லைனில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், பெடல் மிதிக்கு ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. கார் ஒரு பக்கம் இழுத்தால், டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பர் இறுகியிருக்கலாம். ரப்பர் ஹோஸ்களைக் கட்டாயம் மாற்றுங்கள். பூஸ்டர் வந்தபின் அதே மிதிக்கு லைனில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்தம் ஏறும், வெடிப்பு விழுந்த பழைய ஹோஸ் அதைத் தாங்காது. வாவியும் கடலும் சூழ்ந்த நம்மூர்க் காற்றில் இரும்புப் பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். செப்பு-நிக்கல் பைப் வாங்குவது நல்லது.

சரி, வேலைக்கு வருவோம். காரைச் சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். கல்லடி மணலில் ஜக் புதையும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

பொனட்டுக்குள், எக்சோஸ்ட் சூட்டுக்குத் தள்ளி ஓரிடம் பார்த்து பூஸ்டரைப் பூட்டுங்கள். பிரேக் ஒயில் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சிக்கும் காற்று வெளியே வராது. எத்தனை பாகை என்பது பூஸ்டரோடு வரும் தாளில் இருக்கும். தகடு மெல்லியதென்றால் பின்பக்கம் ஒரு பட்டை வைத்து இறுக்குங்கள்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி பூஸ்டரின் உள்வாயிலில் கொடுங்கள். வெளிவாயிலிலிருந்து புதுப் பைப் ஒன்றை, சக்கரங்களுக்குப் பிரியும் சந்திக்குக் கொண்டுபோங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பழைய சாமான் கடையொன்றில் ஜப்பான் கார் பூஸ்டர் வாங்கிவந்தேன். அதன் துளை 10 மில்லிமீற்றர் மெட்ரிக். எம்.ஜி.பி.யின் நட்டோ எட்டில் மூன்று அங்குல யு.என்.எஃப்., அதாவது அங்குல அளவுப் புரி. சின்ன நட்டு பெரிய துளைக்குள் தொளதொளவென்று போய் இறுகியது போலப் போக்குக் காட்டியது. ஓங்கி மிதித்தேன், ஒயில் சுவருக்குப் பீச்சியடித்தது! நல்லவேளை, வீட்டு முற்றத்தில் நின்றேன். நட்டைக் கையால் நாலைந்து சுற்று இதமாகச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது சோடி இல்லை.

வெற்றிடக் குழாய், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்லெட் மனிபோல்டிலிருந்து வர வேண்டும். அதற்கென்றே தடித்த ஹோஸ் உண்டு. பெற்றோல் ஹோஸ் உள்ளே உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வின் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கட்டும்.

அடுத்தது காற்றெடுப்பு. புதிதாக உடைத்த டொட் 4 தரப் பிரேக் ஒயில் மட்டும். எஞ்சின் நிற்கட்டும். மச்சானை சீற்றில் இருத்தி, பூஸ்டருக்கு அதிக தூரமான பின்சக்கரத்தில் தொடங்குங்கள்.

"அமத்து."

"அமத்திட்டன்."

சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறங்கள், குமிழி வரும், மூடுங்கள்.

"இப்ப விடு."

மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும், பிறகு மச்சானோடு சண்டைதான். தாங்கியில் ஒயில் வற்ற விடாதீர்கள். பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அது பெயின்றைத் தின்றுவிடும். நிப்பிளிலிருந்து போத்தலில் வடிந்த ஒயிலைத் திரும்பத் தாங்கியில் ஊற்ற வேண்டாம்.

சோதிக்க, எஞ்சின் நிற்க நாலைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியை விடாமல் ஸ்ராட் பண்ணினால் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிடம் வரவில்லை. இறங்கினால், ஒரு நிமிடம் ஓங்கி மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் கடதாசி ஒற்றிப் பாருங்கள். பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பகால எம்.ஜி.பி.யில் ஒரே சுற்றுத்தான், ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகும். அதனால் ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிப்பதைப் பார்த்தபின்பே வெறும் தெருவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள் பிரேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். வெளியே ஒரு துளி ஒழுக்கும் இல்லாமல் மட்டம் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், பூஸ்டரின் உள் ரப்பர் போய், பிரேக் ஒயிலை எஞ்சின் குடிக்கிறது. அந்த பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.